இடது பின்விளக்கு

லூனாஸ்,
4 பிப்ரவரி 2024

காளி அண்ணனுக்கு ஷாமளா எழுதுவது.

சுகமா என்று கேட்டால், "ஜெயில்ல என்னாடி சுகம்" என்று திட்டுவாய். அதனால் கேட்கவில்லை. போன மாதம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன்னைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கன்னம் இரண்டும் ஒட்டிப் போயிருந்தன. என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பேசினாய். கூடப்பிறந்தவள் முன்னால் கைதி உடுப்பில் உட்கார வெட்கமோ என்று நினைத்துக்கொண்டேன். எதற்கு வெட்கம்? என் புருஷனைச் சிடாம் கிரி ரோட்டில் வண்டியால் அடித்துப் போட்டுவிட்டு ஓடியவனைத் தேடிப் போய், கருமாதிக்கு முதல் நாள் பாராங் கத்தியால் வெட்டினாய். போலீஸ் செய்யாததை நீ செய்தாய். தேவனுக்கு இடது கையில் மூன்று விரல் போயிற்று. மிச்சம் இரண்டு இருக்கிறதே என்றுதான் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும்.

நவம்பரில் நீ வெளியே வரும்போது உன் ஸில்வியா காரை நானே ஓட்டிக்கொண்டு சிறை வாசலுக்கு வருவேன். இது என் முடிவு. முப்பத்தைந்து வயதான கார், உன்னைவிட ஒரு வயது மூத்தது, கொட்டகையில் கன்வாஸ் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. வாரத்துக்கு ஒரு தடவை என்ஜினை ஓடவிட்டு எழுப்புகிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது, பின்விளக்குகள்தான் அசிங்கம். இடது விளக்கு தேவனுடைய ஆட்கள் இரும்புக் கம்பியால் அடித்த அன்றிலிருந்து அப்படியே உடைந்து கிடக்கிறது. வலது முழுசாக இருக்கிறது, ஆனால் இரண்டிலும் நீ அடித்து வைத்திருக்கிற கறுப்பு ஸ்ப்ரேயில் உள்ளே பல்பு எரிகிறதா இல்லையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். பின்னால் வருகிறவனுக்குத் தெரிவதற்குத்தானே விளக்கு? அதற்குப் போய்க் கறுப்பு அடித்தவனை என்னவென்று சொல்வது!

உள்ளே எல்.இ.டி. வைத்து நானே செய்யப் போகிறேன். பதினோரு வருடமாகப் பேக்டரியில் என் வேலை என்ன? மெஷின் சர்க்யூட் பலகையில் ஈயம் வைத்துத் தப்பாக ஒட்டியதைப் பிரித்துக் கையால் திரும்ப ஒட்டுவதுதானே? ஒட்டிய ஒவ்வொன்றிலும் பச்சை மையில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் என் நம்பர் 47 போடுவேன். பழக்கம் விடமாட்டேன் என்கிறது. வீட்டில் மிக்சிக்கு வயர் ஒட்டினால்கூடப் புள்ளியும் 47-ம் விழுந்துவிடுகிறது. அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் வெள்ளை விளக்குப் பட்டை ஒன்று செய்து கொடுத்தேனே, அதிலும் அப்படித்தான். "என் நெத்தி ஒன்னுதான் பாக்கிலா, அதுலயும் நம்பர் போட்டுரு" என்று சிரிப்பார்.

அவர் போய் ஒரு வருடம் மூன்று மாதமாகிறது அண்ணே. அரை மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. அந்த அரை மணியில் எவனாவது ஒருவன் நின்றிருந்தால் போதும்.

உன் தங்கை,
ஷாமளா


சிறை,
3 மார்ச் 2024

ஷாமளா,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. பதினான்கு நாள் என்னைத் தனியறையில் போட்டிருந்தார்கள், அதனால் உடனே பதில் எழுத முடியவில்லை. சிடாம் கிரிப் பக்கத்து ஆள் ஒருவன் புதிதாக வந்திருக்கிறான், பரஞ்சோதி என்று பெயர். சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "தப்பான ஆள வெட்டிட்டு வந்திருக்கான்லா இவன். தேவன்கிட்ட ஏது காடி?" தேவனிடம் காரே கிடையாதாம். அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டாலேயே அவன் வாயில் அடித்தேன். கீழே விழுந்தவனின் மேல் ஏறி உட்கார்ந்து, தட்டு வளைகிற வரைக்கும் அடித்தேன். இரண்டு பல் என் காலடியில் கிடந்தது. நான்கு பேர் இழுத்த பிறகுதான் விட்டேன். இப்போது அவன் என்னைப் பார்த்தால் சுவரோரமாகப் போகிறான். அந்தப் பேச்சு இனி எவன் வாயிலிருந்தும் வராது.

விளக்கு விஷயம். நீ ஆசைப்படுகிறாய், செய். ஆனால் பழைய விளக்குகளோடு மாரடிக்காதே. இரண்டையும் கழற்றி மூடா ஆற்றில் வீசிவிடு. சுங்கைப் பட்டாணியில் ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் கார்களைப் பிரித்து விற்கிற கடை இருக்கிறது. அங்கே போய் என் பெயரைச் சொன்னால் நல்ல ஜோடியாக எடுத்துத் தருவார்கள். அதற்குள் உன் எல்.இ.டி.யை வைத்துக்கொள். உடைந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?

என்னை நினைத்துச் சாப்பிடாமல் இருக்காதே. நீ சொல்கிற அளவுக்கு நான் ஒன்றும் செய்துவிடவில்லை.

இங்கே தமிழ் தெரிந்த சார் ஒருவர் படித்துப் பார்த்த பிறகுதான் கடிதம் உள்ளே வருவதும் வெளியே போவதும். பார்த்து எழுது.

காளிதாசன்


லூனாஸ்,
21 ஏப்ரல் 2024

அண்ணே,

தட்டால் அடித்தாய் என்று படித்ததும் பேக்டரி பஸ்ஸிலேயே சிரித்துவிட்டேன். பக்கத்துச் சீட்டுக்காரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இன்னும் இரண்டு பல்லைச் சேர்த்து எடுத்திருக்கலாம்.

ஆற்றில் வீசச் சொல்கிறாயே, உன் தங்கை யார் என்று மறந்துவிட்டாயா? பேக்டரியில் எங்கள் லைனில் எதையும் வீசக்கூடாது. பழுதான சாமானைத் தொடுவதற்கு முன்னால், அது எப்படிப் பழுதாயிற்று என்று ஒரு தாளில் எழுத வேண்டும். காரணம் எழுதாமல் குப்பையில் போட்டவளுக்கு அன்றைக்கே வார்னிங் கடிதம். அதுவும் போக, அந்தக் கடைக்குப் போனேன். இடதும் வலதும் ஜோடியாக இல்லை, வரவும் வராது என்று கடைக்காரத் தவ்கே கையை விரித்துவிட்டார்.

அதனால் வலதில் ஆரம்பித்தேன். முதலில் கறுப்பைச் சுரண்டினேன், மூன்று நாள் பிடித்தது. பிறகு அம்மா தீபாவளிப் பிஸ்கட் சுட்ட அந்த அடுப்புக்குள் விளக்கை வைத்து நூற்றுப்பத்து டிகிரியில் பத்து நிமிடம் சுட்டேன். ஓரத்துப் பசை இளகியதும் தட்டையான கம்பியை விட்டு நெம்பினால் சிவப்பு மூடி தனியாக வந்துவிடுகிறது. உள்ளே பலகை வெட்டி, தொண்ணூற்றாறு எல்.இ.டி. மூன்று மூன்றாக ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு ரெசிஸ்டர். ஒன்றுக்குக் கம்பிக் கால் இடம் மாறினால் அந்த மூன்றுமே எரியாது. சும்மா ஓடும்போது மங்கலாக எரியும், ப்ரேக்கை மிதித்தால் கண் கூசும். மழையிலும் தெரியும். அடிக்கடி எழுந்து வாசல் வரைக்கும் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன ஞாயிறு மத்தியானம் தேவன் வீட்டுக்கு வந்தான். கதவு திறந்துதான் இருந்தது. நான் ஒட்டிக்கொண்டிருந்தேன். வாசற்படியில் நின்றான்.

"அக்கா, சத்தியமா நான் இல்லலா. அன்னைக்கு காய்ச்சல்ல படுத்திருந்தேன், எங்கம்மாவ கேளுங்க."

மருதம்மாள் பெற்ற பிள்ளைக்கு மருதம்மாளே சாட்சி! "அப்ப கோயில்ல என் புருஷன் சட்டைய புடிச்சது யாரு?" என்று கேட்டேன்.

"ரதம் தள்றப்ப ரெண்டு வார்த்த கூடப் பேசிட்டோம். அதுக்கு ஆளையே கொல்லுவாங்களாக்கா? எங்கிட்ட மோட்டர் சைக்கிள்தான் இருக்கு. அடிச்சது காடின்னு போலீஸே சொல்றாங்க."

அவர் பெயரை எடுத்துக்கொண்டு இன்னும் ஏதோ சொல்ல வந்தான். என் கையில் ஈயம் உருக்குகிற சூட்டுக்கோல் இருந்தது, முந்நூற்றைம்பது டிகிரியில். எழுந்து போய் அவன் கன்னத்தில் வைத்தேன். வைத்து அழுத்தினேன். ஈயப் புகையோடு தோல் பொசுங்குகிற வாடை வந்தது. அவன் இரண்டு விரல் கையால் என் மணிக்கட்டைப் பிடிக்கப் பார்த்தான், பிடி நிற்கவில்லை. அப்படியே படியிறங்கிப் போய்விட்டான். என் கை நடுங்கவில்லை அண்ணே. கோலைத் துடைத்துவிட்டு அடுத்த எல்.இ.டி.யை ஒட்டினேன். நீ மட்டும்தான் அவருக்காகச் செய்தாய் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

வலது முடிந்தது. இடதுக்குச் சிவப்பு அக்ரிலிக் தகடு வாங்கி வந்திருக்கிறேன். உடைந்த ஓட்டைக்கு ஒட்டுப்போட வேண்டும்.

ஷாமளா


சிறை,
12 மே 2024

ஷாமளா,

தேவனைத் தொடாதே. இதை நான் சொல்வது உனக்கு வேடிக்கையாக இருக்கும். அவனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது, அதோடு போகட்டும். அவன் இனி வந்தால் கதவைச் சாத்திக்கொள். மருதம்மாள் பாசார் சந்தையில் ஏதாவது பேசினால் காதில் வாங்காதே. நீயும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் நம் வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை. உன் கடிதத்தைப் படித்த அன்று நான் வாந்தி எடுத்தேன். எதனால் என்று கேட்காதே, சோறு சரியில்லை.

இடது விளக்கைப் பிரிக்காதே. அதற்குள் தண்ணீர் போய்ப் பாசி பிடித்திருக்கும், ஒட்டுப்போட்டாலும் நிற்காது. ஒற்றை விளக்கோடு வந்தாலும் எனக்குப் பரவாயில்லை. சொல்வதைக் கேள். அண்ணன் உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இந்த ஒன்றைக் கேட்கிறேன். அதைக் கழற்றித் தூரப்போடு.

காளிதாசன்


லூனாஸ்,
9 ஜூன் 2024

காளிதாசனுக்கு,

இந்தக் கடிதத்தை முதலில் படிக்கப் போகும் சார் அவர்களே, நீங்களும் நன்றாகப் படியுங்கள். இவனிடம் கொடுக்காமல் கிழித்துவிடாதீர்கள்.

உன் மே மாதக் கடிதம் வருவதற்கு முன்னால் இடது விளக்கைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வந்த பிறகுதான், ஒரு பிளாஸ்டிக் விளக்குக்கு இவன் ஏன் இப்படிக் கெஞ்சுகிறான் என்று தோன்றியது. கழற்றி மேசையில் வைத்தேன். பேக்டரியில் செய்வது மாதிரியே தாளை எடுத்து, "பழுதான காரணம்" என்று எழுதிவிட்டு உடைசலைப் பார்த்தேன். கம்பியால் அடித்ததாகச் சொன்னாய். கம்பியால் அடித்தால் எப்படி உடையும் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கொட்டகையிலிருந்து இரும்புக் கம்பியை எடுத்து வந்து உன் காரின் பக்கவாட்டு விளக்கில் அடித்தேன், பிறகு இன்னொரு பக்கத்தில் அடித்தேன், பிறகு கதவுக் கண்ணாடிகளில் அடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்து கம்பி வழுக்கிய பிறகுதான் நிறுத்தினேன். கம்பி அடி ஒரு புள்ளியில் விழுந்து சுற்றிலும் விரிசல் விடுகிறது. உன் பின்விளக்கில் அப்படி ஒரு புள்ளியும் இல்லை. அகலமான ஏதோ ஒன்று முழு வேகத்தில் வந்து மோதி, மூடியின் கீழ்ப்பாதியை அப்படியே உள்ளே தள்ளியிருக்கிறது.

பிறகு அடுப்பில் வைத்தேன். பத்து நிமிடம். மூடியை நெம்பித் திறந்ததும் சிவப்புச் சில்லுகளோடு வேறு ஏதோ ஒன்று தட்டில் விழுந்தது. என் சுண்டுவிரல் நீளத்துக்குப் பலகைத் துண்டு. மூன்று வெள்ளை எல்.இ.டி. ஓரத்தில் பச்சைப் புள்ளி. 47.

ஒட்டியவளுக்குத் தன் ஒட்டு தெரியாதா? மூன்றாவது காலில் ஈயம் கொஞ்சம் வழிந்திருக்கிறது. அதை ஒட்டும்போது அவர் பின்னால் வந்து என் இடுப்பைக் கிள்ளினார், கை தவறிவிட்டது. "விடுங்க, சுட்டுருவேன்" என்றேன். எடுத்துத் திரும்ப ஒட்டலாம் என்று பார்த்தேன், அவர்தான் அப்படியே இருக்கட்டும் என்றார்.

பேட்டரியில் தொட்டுப் பார்த்தேன். மூன்றும் எரிந்தன.

அவருடைய மோட்டார் சைக்கிளின் முன்னால் இருந்த பட்டை உன் காரின் பின்விளக்குக்குள் எப்படி வந்தது? நான் கேட்பது இது ஒன்றுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அதே இலையில் என்னையும் உட்கார வைத்தாயா?

ஷாமளா


லூனாஸ்,
7 ஜூலை 2024

நான்கு வாரமாயிற்று. கடிதம் உன் கைக்கு வந்துவிட்டது என்று சிறை ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நீ எழுதாவிட்டால் நான் தேவன் வீட்டுக்குப் போய், என் அண்ணன் சொல்லாததை நீ சொல்லு என்று கேட்க வேண்டியிருக்கும். அவன் முகத்தில் நான் வைத்த சூடு இன்னும் ஆறவில்லை என்கிறார்கள். எனக்கு உறக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் அந்த வாடை வருகிறது.

எழுது.


சிறை,
28 ஜூலை 2024

ஷாமளா,

சார் உன் கடிதத்தைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இதையும் அவர் படிக்கட்டும்.

அன்று சனிக்கிழமை. சுங்கைப் பட்டாணியில் கூட்டாளிகளோடு குடித்துவிட்டுக் காரை எடுத்தேன். லைசென்ஸ் ஆறு மாதத்துக்குப் பிடுங்கப்பட்டிருந்தது, உனக்குச் சொல்லவில்லை. சிடாம் கிரி ரோட்டில் மழை ஊற்றியது. மஃரிப் பாங்கு சொல்கிற அந்தி நேரம். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள், முன்னால் வெள்ளைப் பட்டை. அந்தப் பட்டை கெடாவில் வேறு எவனிடமும் இல்லை. மாப்பிள்ளைதான் என்று தெரிந்துவிட்டது. எனக்குக் குஷி வந்துவிட்டது.

நாங்கள் எப்போதும் விளையாடுவோம். நான் திடீரென்று ப்ரேக் அடிப்பேன், அவர் சறுக்கி நின்று கெட்ட வார்த்தையில் திட்டுவார், வீட்டுக்கு வந்து உன் கையால் டீ குடிக்கும்போது இரண்டு பேரும் சிரிப்போம். அன்றைக்கும் அப்படித்தான் மிதித்தேன். முழுதாக மிதித்தேன். ஆனால் அந்த வாரம்தான் விளக்குக்குக் கறுப்பு அடித்திருந்தேன். மழையில் அவருக்கு என் ப்ரேக் விளக்கு தெரியவே இல்லை. வேகத்தைக் குறைக்காமல் வந்து மோதினார். கார் முழுதும் குலுங்கியது. அவர் என் கூரைக்கு மேலாகப் போய் வாய்க்காலோரம் விழுந்ததை முன்கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

இறங்கி ஓடினேன். ஒரு கால் இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வாயிலிருந்து ரத்தம் நுரைநுரையாக வந்தது, மழை கழுவக் கழுவத் திரும்ப வந்தது. கண் திறந்திருந்தது. "மச்சான்" என்றார். தெளிவாகச் சொன்னார். நான், "இருங்க மாப்ள, ஆள கூட்டியாந்துர்றேன்" என்றேன். என் சட்டையைப் பிடித்தார். அந்த விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன், ஷாமளா. காரில் ஏறினேன். ஸ்டீயரிங்கில் சாய்ந்தபோது என் வாய் நாற்றம் எனக்கே அடித்தது. குடி, லைசென்ஸ் இல்லை, கறுப்பு விளக்கு. ரோட்டில் வேறு எவனாவது வருவான், பார்ப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே ஓட்டினேன். கன்வாஸைப் போர்த்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். நீ போன் அடித்து அலறியபோது, அப்போதுதான் கேள்விப்படுகிறவன் மாதிரி நானும் அலறினேன்.

சுடுகாட்டிலிருந்து வந்ததும் நீ என் சட்டையைப் பிடித்தாய், அவர் பிடித்த அதே இடத்தில். "எவன்னு சொல்லுண்ணே, நீ ஆம்பளையா இருந்தா கண்டுபிடிச்சு சொல்லு" என்றாய். வாயில் முதலில் வந்த பெயர் தேவன். கோயில் சண்டை ஊருக்கே தெரியும். ஒரு தடவை சொன்ன பிறகு அதை நிற்கவைக்க வேண்டியிருந்தது. தினமும் நீ கேட்டாய், தினமும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது உண்மையாகிவிட்டது. பாராங்கை ஓங்கிக்கொண்டு அவன் மேல் பாய்ந்தபோது, மாப்பிள்ளையைக் கொன்றவன் இவன்தான் என்று நான் மெய்யாகவே நம்பினேன். கழுத்துக்குத்தான் வீசினேன். அவன் இடது கையைக் குறுக்கே வைத்ததால் விரல்கள் போயின. கீழே விழுந்தவை துடித்தன. அப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எல்லா ஆத்திரமும் என் மேல் இருந்ததுதான். வெட்டு மட்டும் அவன் மேல் விழுந்தது.

என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் நீ என்னை எதனால் வெட்டினாலும் கழுத்தைக் காட்டுவேன். ஒன்றே ஒன்று, அந்தக் காரை எரித்துவிடு. விளக்கு, அந்தத் துண்டு, எல்லாவற்றையும் உள்ளே போட்டு எரித்துவிடு. நம் குடும்பத்துக்குள் இது முடியட்டும்.

காளிதாசன்


லூனாஸ்,
18 ஆகஸ்ட் 2024

காளிதாசனுக்கு,

"காரை எரித்துவிடு" என்று எழுதியிருக்கிறாய். விரல்களைப் பிரித்தேன் என்று எழுதிய அதே கையால் அதையும் எழுதியிருக்கிறாய். கழுத்தைக் காட்டுகிறாயாம்! உன் கழுத்து எனக்கு எதற்கு? இப்போதும் உனக்கு உன் தோல்தான் பெரிசு. நல்லவேளை அந்த வரியை எழுதினாய். அதற்கு முந்தின வரிகளில் நான் அழுதுகொண்டிருந்தேன்.

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஒரு பெயர் வேண்டும் என்று உன் சட்டையைப் பிடித்தவள் நான். யாருடைய பெயராக இருந்தாலும் எனக்குப் போதுமாயிருந்தது. சூட்டுக்கோலை வைத்தபோது என் கை நடுங்கவில்லை என்று பெருமையாக எழுதினேனே, அந்தக் கையைப் பார்க்க இப்போது அருவருப்பாக இருக்கிறது.

போன சனிக்கிழமை சாயங்காலம் தேவன் வீட்டுக்குப் போனேன். மருதம்மாள் விளக்குமாற்றோடு வந்தார். நான் நகரவில்லை. முகம், தோள், முதுகு என்று பார்க்காமல், "என் புள்ளைய ரெண்டு பேரும் சேந்து துண்டு துண்டா ஆக்கிட்டீங்களேடி" என்று அழுதுகொண்டே அடித்தார். தேவன் வந்து அவர் கையைப் பிடிக்கிற வரை நின்றேன். அவன் கன்னத்தில் கோல் முனையின் அச்சு அப்படியே இருக்கிறது. உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லி நீட்டினேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தான்.

"போலீஸ்ல குடுக்கப் போறியா?" என்றான். அக்கா என்று அவன் இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை.

"இப்பவே போறேன். காடிய ஓட்டிக்கிட்டுதான் போறேன். நீயும் வரணும்."

"நான் ஒனக்காக வரல. என் பேருக்காக வரேன்" என்றான்.

கண்ணாடி இல்லாத கதவுகளோடு உன் ஸில்வியாவை எடுத்தேன். வலது பக்கம் நான் செய்த விளக்கு. இடது பக்கம் வெறும் ஓட்டை, அதில் ஒன்றையும் மாற்றக்கூடாது என்று அப்படியே திரும்ப மாட்டியிருந்தேன். அந்த இருட்டுப் பக்கத்தில் எவனும் வந்து மோதிவிடக் கூடாதே என்று தேவனைப் பின்னால் வரச் சொன்னேன். மூன்று விரல் இல்லாத கையோடு மோட்டரில் வந்தான். வழியில் மழை பிடித்துக்கொண்டது. அவர் போனது மாதிரியே, அந்தி நேரத்து மழை. முச்சந்தியில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று சிக்னல் போடாமல் குறுக்கே திரும்பியது. யோசிக்க நேரமில்லை, ப்ரேக்கை முழுதாக மிதித்துவிட்டேன். மிதித்த பிறகுதான் பின்னால் வருவது யார் என்ற நினைவு வந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை.

ஸ்டேஷனில் உன் கடிதங்களையும் அந்தத் துண்டையும் மேசையில் வைத்தேன். பழைய பைலைத் தேட ஒரு மணி நேரமாயிற்று. அதோடு ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அன்று ரோட்டில் பொறுக்கிய நான்கு சிவப்புச் சில்லுகள், மேல்பக்கம் கறுப்பு. போலீஸ் சார் அவற்றைக் கொண்டு போய் இடது விளக்கின் ஓட்டையில் வைத்துப் பார்த்தார். நான்கும் உட்கார்ந்தன. காரை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். தேவனுக்குச் சூடு வைத்ததையும் என் வாயால் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவன் புகார் கொடுப்பானா என்று தெரியாது. கொடுத்தால் போவேன். அதுதான் நியாயம்.

நவம்பரில் சிறை வாசலில் உனக்காக ஒரு வண்டி நிற்கும். அது ஸில்வியா இல்லை, ஓட்டி வருவது நானும் இல்லை. இனி உனக்கு எழுத மாட்டேன். நீயும் எழுதாதே.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. தேவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தான். லாரி குறுக்கே வந்த இடத்தில் எப்படி நின்றான் என்று கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, அந்த வலது விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"செவப்பு நல்லா தெரிஞ்சிச்சி. தூரத்துலயே தெரிஞ்சிச்சி. அதான் நிக்க முடிஞ்சிச்சி."

ஷாமளா